கிளீன்

கானாடுகாத்தான் பங்களா ஓட்டலில்
முதல் நாள் எனக்குக் கொடுத்தது
ஒரு சாம்பல் நிறச் சட்டை, ஒரு வாளி, ஒரு சொல்.

வீட்டில் நாங்கள் கூட்டுவோம்.
சென்னையிலிருந்து வந்த டெல்பின் மேடம் பெருக்கச் சொல்வார்.
கூட்டினாலும் பெருக்கினாலும்
கணக்கு ஏறத்தான் செய்யும்.
காசு கொடுத்துத் தங்குகிறவர்கள் கேட்பது வேறு:
கிளீன்.

எனக்கு அது புதுசில்லை.
பெண் பார்க்க வந்த அன்று
மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார் அப்பா.
லாரியில் கிளீனர் என்றார் புரோக்கர்.
பெயர் வெள்ளைச்சாமி.
காதுமடல் வரை கிரீஸ்.
அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
அடுப்படிக்கு ஓடினாள்.

பிறகு பார்த்தால் போகிற இடமெல்லாம் அதுதான்.
கவுன்சிலர் பேனரில், கைகூப்பிய படத்துக்குக் கீழே
கிளீன் இமேஜ்.
அவர் ஆட்கள் ஒரு ராத்திரியில்
கண்மாய்க் கரையைக் கிளீன் பண்ணினார்கள்.
கரை இருக்கிறது. நாலு குடிசையைக் காணோம்.
தம்பி பள்ளத்தூர் மேட்ச்சில்
முதல் பந்திலேயே கிளீன் போல்டு.
சீட்டுப் பிடித்த இருளாயி
முப்பத்திரண்டு பேரைக் கிளீனாகத் துடைத்துவிட்டுத்
திருப்பூருக்குப் பஸ் ஏறினாள்.
என் பதினெட்டாயிரமும் அதே பஸ்ஸில்.
கடன் கேட்டுப் போனால் பேங்கில்,
வில்லங்கம் இல்லாமல் கிளீன் பத்திரம் இருக்கா என்றார்கள்.
பத்திரமே இல்லை சார் என்றேன்.
அப்ப ரொம்ப கிளீன் என்று
பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
சிரிக்கக்கூடிய சொல்தான்.
பினாயில் மாதிரி, நாலு நாளில் மூக்குக்குப் பழகிவிடும்.

ஐப்பசி. பதினோராவது வாரம்.
காரைக்குடி ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது
மேலே ஃபேன் ஒரு இறக்கை கோணலாகச் சுற்றியது.
நர்சு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
கிளீன் பண்ணியாச்சு.
சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

இதற்கு எங்கள் பக்கத்தில் சொல் இல்லாமலில்லை.
தங்கலை என்பார்கள்.
கலைஞ்சிருச்சு என்பார்கள்,
மேகத்துக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் சொல்கிற மாதிரி.
அந்தப் பெண் பாவம்
கைக்குக் கிடைத்ததை எடுத்தாள்.
அது என் வாளியில் கிடந்தது.

வெள்ளைச்சாமி அப்போது நாக்பூர் தாண்டி
ஆரஞ்சு லோடுக்குக் காத்திருந்தான்.
போனில் சொன்னேன், நர்சு சொன்ன மாதிரியே.
பத்து வருசமாக அவன் கிளீனர்.
கொஞ்ச நேரம் ரோட்டு இரைச்சல் மட்டும்.
அப்புறம் கேட்டான்:
கிளீன்னா…
எல்லாமேயா?

எட்டாம் நாள் வேலைக்குப் போனேன்.
ஒன்பதாம் நம்பர் அறை. புனேக்காரர்கள் காலி செய்திருந்தார்கள்.
ஆத்தங்குடிக் கல்லில் பிஸ்கட் தூள்,
கட்டிலுக்கடியில் ஒற்றைச் சாக்ஸ், என் உள்ளங்கை நீளம்.
தேக்கு நாற்காலியை நகர்த்தினால்
முட்டை ஓடு மாதிரி வழவழத்த சுவரில்
கலர் பென்சில் கிறுக்கல்.
கீழே நாலு வட்டம். சக்கரமென்றால் லாரி.
காலென்றால் யானை.
ஆரஞ்சு நிறம்.

எப்படி எடுப்பது என்று தெரியும்.
ஈரத்துணியில் கொஞ்சம் பல்பொடி, இரண்டே தேய்ப்பு.
துணியை நனைத்தேன். பிழிந்தேன்.
தண்ணீர் முழங்கை வரை ஓடிச் சொட்டிற்று.
மறுபடி நனைத்தேன், மறுபடி பிழிந்தேன்.
பிறகு நாற்காலியை
ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி வைத்துவிட்டு
அட்டையில் சுவர் என்ற கட்டத்தில்
டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

டெல்பின் மேடம் வந்து
சுவரோரம் விரலை ஓட்டி
விரலைப் பார்த்தார்.
கிளீன் என்றார்.
ஆமா மேடம் என்றேன்.
பத்தாம் நம்பர் கதவில்
பச்சை அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.